கம்பி வைத்த உடம்பில் கோடு விழுந்த ஸ்கேன்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இடுப்பு மூட்டு மாற்றியவர், முதுகெலும்பில் ஸ்குரூ போட்டவர், தொடையில் ராடு வைத்தவர் என்று மூவரில் ஒருவராவது தினமும் வராத சிடி அறை திருநெல்வேலிப் பக்கம் இருக்காது. நான்குவழிச் சாலையில் பைக்கோடு விழுந்தவர்கள் வருகிறார்கள். பனையிலிருந்து விழுந்து பிழைத்தவர்கள் வருகிறார்கள். குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்த ஆச்சிகள் வருகிறார்கள். எடுத்த படத்தை அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் ரேடியாலஜிஸ்ட் போனில் வருவார்: "படம் பூரா கோடா இருக்கு, ஒண்ணும் தெரியலை."

உடனே கன்சோலில் உலோகக் கோட்டைக் குறைக்கும் மென்பொருளை, அதாவது எம்ஏஆரை, தட்டிவிடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. மென்பொருள் நல்லதுதான். ஆனால் எல்லாக் கோடும் ஒரே காரணத்தால் விழுவதில்லை. கோட்டின் வடிவத்தைப் பார்த்தாலே காரணம் பாதி பிடிபடும். காரணம் பிடிபட்டால் பல நேரம் அந்தப் பொத்தானுக்கு வேலையே இருக்காது. புதிதாக சிடி, எம்ஆர்ஐ அறைக்குள் வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக, கண்ணில் படும் அறிகுறிப்படி இதை எழுதுகிறேன்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: உள்ளே இருப்பது என்ன உலோகம்? டைட்டானியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கோபால்ட்-குரோமும் 8 கிராம் அளவில் நிற்கும். அதனால் டைட்டானியம் ஸ்குரூவைச் சுற்றி விழும் கோடு லேசாகவும், பழைய ஸ்டீல் பிளேட்டைச் சுற்றி விழுவது கொடூரமாகவும் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பொருத்திய சாதனத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். காகிதம் எதுவும் இல்லையென்றால் பழைய எக்ஸ்ரே போதும். கேட்கும்போது "இம்பிளான்ட் இருக்கா" என்று கேட்டுவிடாதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். "ஆச்சி, இடுப்புல, முட்டுல கம்பி, பிளேட்டு ஏதும் வச்சிருக்காவளா?" என்று கேட்டால், "கம்பியா? அது வச்சு ரொம்ப நாளாச்சே" என்று சேலையை ஒதுக்கித் தழும்பையே காட்டிவிடுவார்கள்.

கம்பியே இல்லை என்கிறார்கள், ஆனாலும் கோடு விழுகிறது

கோடு கிளம்பும் புள்ளி உடம்புக்கு உள்ளே இருக்கிறதா, தோலுக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே என்றால் பெரும்பாலும் நாம் கழற்ற மறந்த ஏதோ ஒன்று. நம் ஊரில் அந்தப் பட்டியல் கொஞ்சம் நீளம்: கொண்டை ஊசி, மூக்குத்தி, தாயத்து, அரைஞாண் கொடி, தாலிச் சங்கிலியில் மாட்டியிருக்கும் ஊக்கு. கிராமத்துப் பாட்டிமார் காதில் எப்போதாவது இன்னும் பாம்படத்தைப் பார்க்க முடிகிறது. தலை சிடியில் அது விட்டுவைக்கும் இடம் கொஞ்சம்தான்.

தாலி விஷயத்தில் அதட்ட வேண்டாம். தலை ஸ்கேன் என்றால் சங்கிலியை மார்புக்குக் கீழே இறக்கிவிட்டாலே போதும், கதிர் படும் இடத்தில் இல்லாதது கோடு போடாது. நெஞ்சு ஸ்கேன் என்றால் மேலே தூக்கித் தாடையருகே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். கழற்றியே ஆகவேண்டும் என்றால், அதுவரைக்கும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். கூட வந்த அம்மாவோ நாத்தனாரோ பார்த்துக்கொள்வார்கள்.

ஈசிஜி வயர், டேபிளில் சிந்திக் காய்ந்த கான்ட்ராஸ்ட் மருந்து, இரண்டும் இதே வேலையைச் செய்யும். ஸ்கேனுக்கு முன்னால் எடுக்கும் முன்னோட்டப் படமான ஸ்கவுட்டை நிதானமாகப் பார்த்தால் எல்லாமே அதில் தெரிந்துவிடும். ஸ்கவுட்டைப் பார்க்காமல் ஸ்கேனைத் தொடங்குவதுதான் பாதிக் கோளாறுக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

இரண்டு உலோகத்துக்கு நடுவே கருப்புப் பட்டை

இரண்டு பக்க இடுப்பு மூட்டும் மாற்றியவருக்கு இடுப்புக்குழியின் குறுக்கே கருப்பாக ஒரு பட்டை ஓடும். சிறுநீர்ப்பை, புராஸ்டேட் எல்லாம் அதற்குள் முழுகிவிடும். முதுகெலும்பில் இடமும் வலமும் ஸ்குரூ போட்டவருக்கு இதே பட்டை தண்டுவடக் குழாயின் மேல் விழும்.

இதற்குப் பெயர் பீம் ஹார்டனிங். எக்ஸ்ரே குழாயிலிருந்து வரும் கதிரில் வலுவானதும் உண்டு, வலுவில்லாததும் உண்டு. முறத்தில் புடைக்கும்போது உமி போய் மணி நிற்பதுபோல, உலோகத்தைக் கடக்கும்போது வலுவில்லாத கதிர்கள் தீர்ந்துபோய் வலுவானவை மட்டும் டிடெக்டருக்கு வந்து சேரும். இது புரியாமல் கணினி, இந்தப் பாதையில் கதிரைத் தடுக்கும் பொருள் குறைவு என்று கணக்குப் போட்டு அந்த இடத்தைக் கருப்பாக்கிவிடும். உலோகமே இல்லாத தலை சிடியிலும் இரண்டு காதெலும்புகளுக்கு நடுவே, மூளைத்தண்டின் மேல் மங்கலாக ஒரு பட்டை ஓடும் அல்லவா, அதற்கும் காரணம் இதே. ஆகவே அந்தக் கருப்பைப் பார்த்துவிட்டு நீர் என்றோ, ரத்தம் ஓடாத இடம் என்றோ யாரும் சொல்லிவிடக் கூடாது.

முதல் மருந்து கேவியை, அதாவது எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை, கூட்டுவது. 120-லிருந்து 140-க்குப் போனால் கதிரின் சராசரி வலு ஏறும், பட்டை மெலியும். கதிரளவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும் என்பதால் எம்ஏஎஸ்ஸை (குழாய் மின்னோட்டமும் நேரமும் பெருக்கிய அளவு) பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதை யோசிக்காமல் செய்யவே கூடாது.

இரண்டு விதமான வலுவுள்ள கதிரால் எடுக்கும் டூயல் எனர்ஜி மெஷின் இருந்தால் வேலை சுலபம். ஒரே வலுவுள்ள கதிரால் எடுத்ததுபோல ஒரு படத்தைக் கணினியே கட்டித் தரும். டைட்டானியத்துக்கு 110 கேஇவி (கதிரின் வலுவை அளக்கும் அலகு) பக்கமும், ஸ்டீலுக்கு 140-ஐ ஒட்டியும் வைத்து, நகர்த்தி நகர்த்திப் பார்த்து எங்கே பட்டை மங்குகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஆனால் கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுத்த படம் என்றால் ஒரு எச்சரிக்கை. அயோடின் தன் பலத்தைக் காட்டுவது 33 கேஇவியை ஒட்டித்தான். 140-ல் ரத்தக்குழாய் வெளுத்துப்போய், மருந்தே போடாததுபோல இருக்கும். கட்டி மருந்தை வாங்கியிருக்கிறதா என்பதை அந்தப் படத்தில் பார்க்கக் கூடாது, அதற்குக் குறைந்த கேஇவி தொகுப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

மெல்லிய கோடுகள் கற்றையாக, மணல் தூவியதுபோல

பட்டையாக இல்லாமல் நூல் நூலாக, உலோகம் நீளமாகக் கிடக்கும் திசையிலேயே கோடு பாய்ந்தால், அங்கே கதிர் போதவில்லை என்று பொருள். டிடெக்டருக்கு வந்து சேர்ந்தது சொற்பம், மிச்சம் இரைச்சல்.

எம்ஏஎஸ்ஸைக் கூட்டலாம், பிட்சை, அதாவது ஒரு சுற்றுக்கு டேபிள் நகரும் அளவை, குறைக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: ஆளைச் சரியாகப் படுக்கவைப்பது. கேன்ட்ரியின், அதாவது மெஷின் வளையத்தின், கதிர் உலோகத்தை அதன் மெல்லிய பக்கமாகக் கடக்கும்படி வைக்க வேண்டும். தொடை ராடு தானாகவே டேபிளின் நீளவாக்கில் கிடப்பதால் அதில் தொந்தரவு குறைவு. முழங்கையோ மணிக்கட்டோ என்றால் கையைப் பக்கவாட்டில் வைத்து எடுப்பதுதான் மோசம், உலோகத்தோடு உடம்பின் முழு அகலத்தையும் கதிர் கடக்க வேண்டியிருக்கும். கையைத் தலைக்கு மேலே நீட்டச் சொல்லுங்கள், முடிந்தால் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். ஒரு முழங்காலில் மூட்டு மாற்றியிருந்து மற்றதைப் பார்க்க வேண்டுமானால், உலோகம் உள்ள காலை மடக்கி அந்தத் தளத்திலிருந்து விலக்கிவிடுங்கள். அப்புறம் பாருங்கள், மறு காலில் கோடே இருக்காது.

வயதானவர்களுக்கு மடக்கச் சொன்னால் வலிக்கும். துண்டையோ தலையணையையோ முட்டுக்கொடுத்து, "அண்ணாச்சி, கொஞ்ச நேரம் அசையாம இருங்க" என்று பக்குவமாகச் சொன்னால் இருந்துவிடுவார்கள்.

தானாகக் கதிரைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ எக்ஸ்போஷர் உலோகத்தைப் பார்த்து ஏமாறும். ஸ்கவுட்டில் இடுப்பு அடர்த்தியாகத் தெரிவதால், ஆள் ரொம்பப் பருமன் என்று நினைத்து எம்ஏவை உச்சத்துக்கு ஏற்றிவிடும். அந்தக் கதிரும் உலோகத்தைத் துளைக்காது, சுற்றியுள்ள உறுப்புகள்தான் அதை வாங்கிக்கொள்ளும். தொடங்குமுன் திரையில் காட்டும் டோஸ் எண்ணைப் பாருங்கள். வழக்கத்தைவிடப் பல மடங்கு காட்டினால் கையால் அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்குரூ ஊதிப்போய் வெள்ளைக் கட்டியாகத் தெரிகிறது

ஆர்த்தோ டாக்டர் கேட்பது, ஸ்குரூ எலும்பை விட்டு வெளியே வந்திருக்கிறதா, பிளேட் உடைந்திருக்கிறதா என்பதை. படத்தில் இருப்பதோ ஒரு வெள்ளைப் பூசணி. பதறிப்போய் மறுபடி ஸ்கேன் எடுக்கப் போகாதீர்கள். இதற்கான விடை பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்த டேட்டாவுக்குள்ளேயே இருக்கிறது.

சாதாரண சிடி அளவுகோல் -1024-ல் தொடங்கி 3071 ஹவுன்ஸ்ஃபீல்டில் (சிடியில் அடர்த்தியைக் குறிக்கும் எண்) முடிகிறது. உலோகம் அதைத் தாண்டி எங்கேயோ இருக்கும். தாண்டியதெல்லாம் 3071 என்றே பதிவாவதால் உலோகத்தின் உள்ளமைப்பும் விளிம்பும் ஒரே வெள்ளையாகிவிடுகிறது. நீட்டித்த அளவுகோலை இயக்கி மறுபடி ரீகன் செய்தால், அதாவது அதே டேட்டாவிலிருந்து படத்தைத் திரும்பக் கட்டினால், மேல்வரம்பு ஏறத்தாழ பத்து மடங்காகும். உடைந்த ஸ்குரூவின் இடைவெளியும் தெரியும்.

அடுத்தது விண்டோ, அதாவது கருப்பிலிருந்து வெள்ளை வரை திரையில் காட்டும் எண்களின் வீச்சு. எலும்புக்கு வழக்கமாக வைக்கும் 2000 அகலம் உலோகத்துக்குப் போதாது. 4000-க்கு மேல் விரியுங்கள், நீட்டித்த அளவுகோல் என்றால் அதற்கும் மேலே போகலாம். விரிக்க விரிக்க ஊதிய ஸ்குரூ தன் அசல் அளவுக்குச் சுருங்கி வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

படத்தைக் கூர்மையாக்கவோ மென்மையாக்கவோ செய்யும் வடிகட்டியான கெர்னலில் பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். எலும்புதானே என்று கூர்மையான கெர்னலை மட்டும் போட்டால் இரைச்சலும் கோடும் கூடவே கூர்மையாகும். உலோக விளிம்புக்குக் கூர்மையானது ஒன்று, சுற்றியுள்ள சதைக்கு மென்மையானது ஒன்று என இரண்டு தொகுப்பாகக் கொடுங்கள். சதைக்கு ஸ்லைஸைக் கொஞ்சம் தடிப்பாக்கினால் நூல்கோடுகள் ஒன்றையொன்று சமன்செய்து அடங்கும்.

விண்டோவைத் தவிர மற்றதற்கு ரா டேட்டா, அதாவது டிடெக்டர் அளந்த மூல அளவுகள், வேண்டும். வேலை நெருக்கடியான சென்டர்களில் டிஸ்க் நிறைந்ததும் பழையது தானாக அழிந்துவிடும். ஆகவே கம்பி வைத்த கேஸ் என்று தெரிந்தாலே அதைப் பூட்டி வையுங்கள். ரிப்போர்ட் கையெழுத்தான பிறகு திறந்துவிடலாம்.

எம்ஏஆர் போட்ட பிறகு புதுக் கோளாறு

கோடு மறைந்துவிட்டது, சரி. ஆனால் மூட்டைச் சுற்றி முன்பு இல்லாத கருப்பு வளையம் ஒன்று வந்திருக்கிறது. அல்லது மெல்லிய ஸ்குரூவின் நுனியைக் காணோம். அல்லது இல்லாத இடத்தில் புதுக் கோடு.

இது ஏன் என்று புரிய, மென்பொருள் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அது முதலில் உலோகம் எது என்று ஒரு எல்லை போட்டுப் பிரிக்கும். பிறகு ரா டேட்டாவில் அந்த உலோகம் தொட்ட பாதைகளை எல்லாம் வெட்டி எறிந்து, பக்கத்தில் உள்ள அளவுகளை வைத்து இட்டு நிரப்பும். கடைசியில் உலோகத்தை மட்டும் மறுபடி ஒட்டும். ஜெர்மனியில் கலெண்டரும் கூட்டாளிகளும் 1987-ல் வெளியிட்ட நேர்கோட்டு நிரப்பல் முறைதான் இதன் மூதாதை. 2010-ல் மேயரும் காஹெல்ரீஸும் கூட்டாளிகளும் கொண்டுவந்த முறை, எலும்பு எங்கே சதை எங்கே என்று முன்கூட்டி ஒரு வரைபடம் போட்டுவிட்டு நிரப்பியதால் இன்னும் தெளிவாக வந்தது. சீமென்ஸின் ஐமார், பிலிப்ஸின் ஓ-மார், ஜிஇயின் ஸ்மார்ட் மார், கேனனின் செமார் என்று பெயர்கள் வேறு வேறு. ஆனால் இட்டு நிரப்பிய இடம் அளந்த இடம் ஆகாது என்பது எல்லாவற்றுக்கும் பொது.

அந்தக் கருப்பு வளையத்தை மூட்டு தளர்ந்ததாகவோ, எலும்பு அரித்ததாகவோ, காற்றாகவோ படித்துவிட்டால், தேவையில்லாமல் ஒருவரை மறுபடி அறுவை அரங்குக்கு அனுப்பியதாகிவிடும். ஆகவே எம்ஏஆர் படத்தைத் தனியாக அனுப்பவே கூடாது. அசல் தொகுப்பையும் சேர்த்து, இரண்டுக்கும் தெளிவாகப் பெயர் எழுதி அனுப்புங்கள். இரண்டிலும் தெரிந்தால் அது உடம்பில் இருக்கிறது. எம்ஏஆரில் மட்டும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

டைட்டானியம் ஸ்குரூவுக்கு எம்ஏஆர் பல நேரம் நன்மையைவிடத் தொல்லையே தருகிறது என்பது என் அனுபவம். பெரிய ஸ்டீல், கோபால்ட்-குரோம் மூட்டுக்கு மட்டும் அதை முதலில் யோசிக்கிறேன்.

பல்லில் அடைத்திருக்கிறது, வாய்க்குள் ஒன்றும் தெரியவில்லை

புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் போடும் ஊரில் வாய்ப்புற்று சிடி அடிக்கடி வரும். அதே வாயில் கேப் போட்ட பல்லும், பாதரசக் கலவை அடைத்த பல்லும் இருக்கும். பாதரசத்தின் அணு எண் 80, தங்கத்தினது 79. டைட்டானியம் வெறும் 22. இந்தக் கோட்டை எந்த மென்பொருளாலும் முழுசாகத் துடைக்க முடியாது.

கழற்றக்கூடிய பல்செட்டை முதலில் கழற்றச் சொல்லுங்கள். பல்லின் தளத்துக்கு இணையாகக் கேன்ட்ரியைச் சாய்த்தால் கோடு பல் வரிசையோடு நின்றுவிடும், நாக்கின் அடிப்பகுதியும் தொண்டையும் தப்பிக்கும். சாயாத மெஷின் என்றால் தலையைச் சாய்த்துப் படுக்கவையுங்கள். அதுவும் போதாவிட்டால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய இடத்துக்கு மட்டும் இரண்டாவது சின்ன ஸ்கேன் எடுக்கலாம். கன்னத்தின் உள்பக்கப் புண் என்றால் கன்னத்தை உப்பச் சொல்லுங்கள். காற்று உள்ளே போனதும் கன்னமும் ஈறும் பிரிந்து நிற்கும். ஸ்கேனுக்கு முன்னால் இரண்டு தரம் செய்துகாட்டிப் பழக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

உலோகம் இரண்டாகத் தெரிகிறது

ஆள் அசைந்திருக்கிறார், அல்லது இதயத் துடிப்போடு பேஸ்மேக்கர் வயர் ஆடியிருக்கிறது. முதலாவதற்கு மறுபடி எடுக்க வேண்டும். இரண்டாவதற்கு ஈசிஜியோடு இணைத்து எடுக்க வேண்டும். எம்ஏஆர் இங்கே உதவாது.

எம்ஆர்ஐயில் கருப்பு ஓட்டை, ஓரத்தில் வெள்ளை விளிம்பு

இங்கே கோளாறின் குணமே வேறு. உலோகம் காந்தப்புலத்தை வளைத்துவிடுகிறது. அதனால் சிக்னல் சில இடத்தில் காணாமல் போகிறது, சில இடத்தில் குவிகிறது, உருவமும் கோணுகிறது. சிடியில் கொடூரமாகக் கோடு போட்ட கோபால்ட்-குரோமும் ஸ்டீலும் இங்கேயும் டைட்டானியத்தைவிடப் பல மடங்கு பெரிய ஓட்டை போடும்.

பாதுகாப்பு முதலில். பொருத்திய சாதனத்துக்குப் பச்சைச் சதுரக் குறியா, மஞ்சள் முக்கோணமா, சிவப்பு வட்டமா என்று தெரியாமல் ஆளை உள்ளே விடக் கூடாது. மஞ்சள் என்றால் நிபந்தனையோடு மட்டும், சிவப்பு என்றால் கூடவே கூடாது. மூளைக்குள் பழைய கிளிப், பேஸ்மேக்கர், வெல்டிங் பட்டறைக்காரர் கண்ணில் இரும்புத்தூள் ஆகியவற்றில் சந்தேகம் இருந்தால் நிறுத்திவிட்டு ரேடியாலஜிஸ்டைக் கேளுங்கள். கண் தூளுக்கு ஒரு எக்ஸ்ரே போதும்.

உள்ளே விடலாம் என்று முடிவானால் 1.5 டெஸ்லாவிலேயே எடுங்கள். 3 டெஸ்லாவில் படம் அழகாக வரும் என்பது உலோகம் இல்லாதவர்களுக்கு. காந்தம் இரட்டிப்பானால் கோணலும் இரட்டிப்பாகும். படமெடுக்கும் முறைகளில் (சீக்வன்ஸ்) கிரேடியன்ட் எக்கோவைத் தவிர்த்து டர்போ ஸ்பின் எக்கோ போடுங்கள். ரிசீவர் பேண்ட்விட்த்தை (சிக்னலை வாங்கும் அலைவரிசையின் அகலம்) பிக்சலுக்கு 400 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றுங்கள், ஸ்லைஸை மெல்லியதாக்குங்கள். சிக்னல் குறையும், ஆவரேஜை, அதாவது ஒரே அளவைத் திரும்ப எடுக்கும் தடவையை, கூட்டி ஈடுகட்டலாம், நேரம் கொஞ்சம் நீளும். முதுகெலும்பு ஸ்குரூ என்றால் ஃப்ரீக்வென்சி திசையை (அதிர்வெண்ணை வைத்து இடத்தைக் குறிக்கும் திசை) ஸ்குரூவின் நீளவாக்கில் வையுங்கள். கோணல் ஸ்குரூவோடு ஓடும், தண்டுவடக் குழாய் தப்பும். செமாக், மாவ்ரிக் போன்ற, உலோகத்துக்கென்றே உள்ள சீக்வன்ஸ் வசதி இருந்தால் மாற்று மூட்டுக்கு அதுவே சிறந்தது.

கொழுப்பு சில இடத்தில் மட்டும் மங்குகிறது

1.5 டெஸ்லாவில் கொழுப்புக்கும் நீருக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 220 ஹெர்ட்ஸ். அந்த வித்தியாசத்தை நம்பித்தான், கொழுப்பின் சிக்னலை அணைக்கும் சாதாரண ஃபேட் சாட் வேலை செய்கிறது. உலோகத்தின் பக்கத்திலோ புலம் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை விலகும். கொழுப்பு வெள்ளையாகவே நிற்கும், அதைப் பார்த்து நீர்க்கோவை, சீழ் என்று எழுதிவிடுவார்கள். நீரையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டும் டிக்சன் முறையும் உலோகத்துக்கு அருகே இரண்டையும் இடம் மாற்றிவிடும். கொழுப்பை அணைக்கும் இன்னொரு முறையான ஸ்டிர் போடுங்கள். அது 220 ஹெர்ட்ஸை நம்புவதில்லை. ஆனால் எம்ஆர்ஐயின் கான்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியம் ஏற்றிய பிறகு ஸ்டிர் எடுக்காதீர்கள், மருந்து வாங்கிய திசுவையே அது அணைத்துவிடும். முதலில் ஸ்டிர், பிறகு ஊசி. ஊசிக்கு முன்னும் பின்னும் ஃபேட் சாட் இல்லாத டி1 எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கலாம்.

எது செய்தும் கோடு போகவில்லை

அப்போது மெஷினை விட்டுவிட்டு, அனுப்பிய டாக்டரைக் கூப்பிட்டு என்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள். மூட்டைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்றால் அல்ட்ராசவுண்ட் சொல்லிவிடும். மூட்டு தளர்ந்ததா என்றால் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே பாதி விடை. தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா என்பது எம்ஆர்ஐயில் தெரியவில்லை என்றால் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் மருந்து செலுத்தி எடுக்கும் சிடி மைலோகிராம் உண்டு. அம்பாசமுத்திரத்திலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ பஸ் ஏறி வந்தவரைத் திருப்பி அனுப்பி நாளைக்கு வரச் சொல்வதற்கு முன்னால் அந்த ஒரு போன் பேசிவிடுங்கள். என்ன உலோகம், எந்தப் பக்கம், எந்த வருஷம் வைத்தது, எத்தனை கேவி, எம்ஏஆர் போட்டதா இல்லையா என்பதையும் ரிக்வெஸ்ட் காகிதத்திலேயே எழுதி ரேடியாலஜிஸ்ட் மேசைக்கு அனுப்பிவையுங்கள்.